நகரக் கதைக்கு ஒரு கடை

(யாழ்ப்பாணத்தில் இடம்பெற்ற இலக்கிய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் வருகை தந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகர சபை ஆணையாளர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய ஓய்வுநிலைக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்களே, எழுத்தாளர்களே, வாசகர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஆணையாளர் அவர்கள் இறுதிவரை இருப்பதாக வாக்களித்திருக்கிறார். அதற்கு எனது விசேட நன்றி. அதன் காரணம் போகப்போகத் தெரியும். அறிமுகவுரையில் என்னைப் பதிப்புலகின் தூண் என்றார்கள். அச்சகத்தில் என் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் கடனைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நகரப் புனைகதைகளை வெளியிடும் சிறு பதிப்பகமொன்றை இந்த ஊரில், எந்த நிறுவனத்தின் நிழலிலும் ஒதுங்காமல், நடத்துவது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. செம்மையாக்கம், விலை, விற்பனை என்ற மூன்றையும் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். அதற்கு முன்னர் ஒரு பழமொழி. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். என் தொழில் அனுபவம் முழுவதும் இதற்குள் அடங்கும் என்பதால், இன்று இதை நீங்கள் பல தடவை கேட்க நேரிடும், பொறுத்தருள்க.

எமது புனைகதை நெடுங்காலமாகத் தோட்டவெளியிலும் பனங்காணியிலும் கடற்கரையிலும் நடந்தது. மண்வாசனை என்பதை விமர்சகர்கள் அளவுகோலாகக் கொண்ட காலம் அது, அதில் பிறந்த நல்ல படைப்புகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குருநகர் மாடிக் குடியிருப்பில் தண்ணீர் ஏறாத நாளின் சச்சரவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலியில் அறையெடுத்துப் படிக்கும் மலையக மாணவியின் இரவும், நுண்கடன் உத்தியோகத்தர் வரும் நாளில் பூட்டிக் கிடக்கும் படலைகளும், ரியூற்றரி விட்டபின் ஒழுங்கை முகப்பில் நிற்கும் இளைஞர் கைக்கு வாள் வந்துசேரும் வழியும் இந்த நகரத்தின் கதைகள் அல்லவா? இவற்றை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அச்சேற்றுவதே எங்கள் வேலை.

செம்மையாக்கம் என்றால் ஒப்புநோக்குதல் என்று எம்மவர் பலர் எண்ணுகிறார்கள். எழுத்துப் பிழை பார்ப்பது வேறு, கதை பார்ப்பது வேறு. எமக்கு வந்த நாவலொன்றில் வாள்வெட்டுக் கும்பலின் தலைவன், தன் கூட்டாளியைப் பார்த்து, “நண்பா, நீ புரிந்த செயல் நியாயந்தானா?” என்று வினவினான். கொட்டடியிலும் நாவாந்துறையிலும் யாரும் அப்படி வினவுவதில்லை என்று சொன்னதற்கு, பாடசாலை நூலகங்கள் வாங்க வேண்டுமே என்று எழுத்தாளர் பதிலளித்தார். வாங்குகிறவர் யார் என்ற எண்ணம் எழுதுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஆடிக் கறக்கிற மாட்டிடம் இவர் பாடிக்கொண்டு போனார்.

அடுத்தது விலை. இங்கு ஒரு நாவல் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகிறது. ஓப்செற் அச்சில் தகடு எடுக்கும் செலவு முந்நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே என்பதால், குறைவாக அச்சிடுகிறவருக்கு ஒவ்வொரு பிரதியும் கனத்த விலையில் வந்து நிற்கிறது. கடதாசியோ இறக்குமதியை நம்பிய பொருள். 2022 ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். இவற்றோடு, யாழ்ப்பாணத்து அச்சகங்கள், இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வழங்கும் அந்தியேட்டிக் கல்வெட்டு என்ற நினைவு நூலையும் கல்யாண அழைப்பிதழையும் கோயில் மலரையும் கொண்டு உயிர்வாழ்பவை. முப்பத்தோராம் நாள் என்பது தள்ளிப்போட முடியாத நாள், நாவலைத் தள்ளிப்போடலாம். எங்கள் நூலொன்றின் அச்சடித்த தாள்கள் ஓர் அச்சகத்தில் மட்டை கட்டப்படாமல் கிடக்க, அவற்றின்மேல் அடுத்தடுத்துக் கல்வெட்டுகள் அடுக்கப்பட்டன. அச்சகத்தாரை நான் குறைகூறவில்லை. கல்வெட்டுக்கு உடன் காசு வருகிறது.

அச்சிட்ட நூலை நாம் விற்கிற விதத்துக்கு வருகிறேன். மங்கள விளக்கேற்றல், தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, பின்னர் முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள். அழைக்கப்பட்டவர் மேடையேறி, கடித உறையை நீட்டி, நூலைப் பெற்று, புகைப்படத்துக்கு ஒருகணம் நின்று இறங்குகிறார். அச்சுச் செலவு அன்றே தேறிவிடுகிறது. மிச்சப் பிரதிகள் எழுத்தாளரின் கட்டிலுக்குக் கீழே போகின்றன. உறை கொடுத்தவர் உறவுக்காகக் கொடுத்தார். நூலின் விலை என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. இந்த மேடையிலிருக்கும் பெரியோர் பலர் எம் விழாக்களில் உறை தந்து எம்மைக் காத்தவர்கள் என்பதை நன்றியுடன் சொல்லிக்கொண்டே, அந்த உறைதான் எமக்கு வாசகரை இல்லாமல் செய்கிறது என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. ஓட்டோ ஓட்டுகிறவரைப் பற்றிய நாவலின் வெளியீட்டில் ஓட்டோ ஓட்டுகிறவர்கள் மண்டபத்துக்கு வெளியேதான் நின்றார்கள். அதுவும் எங்களை ஏற்றி வந்ததற்காக.

இது புதிய சிக்கல் அன்று. 1966 இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, சஞ்சிகையைத் தம் கையிலே சுமந்து வீதியில் விற்றார். 1970களில் இந்திய வெளியீடுகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டு, பத்திரிகை போகிற வழியிலேயே அவற்றையும் அனுப்பியது. அமெரிக்காவில் நகரப் புனைகதை என்ற வகைக்கே வீதி இலக்கியம் என்றும் பெயருண்டு. அங்கு சிறையிலிருந்து வெளிவந்த விக்கி ஸ்ரிங்கர் என்ற பெண்மணி, தம் நாவலைப் பதிப்பகங்கள் மறுத்தபின் தாமே அச்சிட்டு, காரின் பின்பெட்டியில் வைத்து விற்று, பின்னர் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ரிப்பிள் கிறவுண் என்ற பதிப்பகத்தையே நிறுவினார். இவர்கள் எல்லோரும் வாசகன் நடமாடும் இடத்துக்கு நூலைக் கொண்டுபோனார்கள்.

எமக்கும் அப்படியொன்று தற்செயலாக நிகழ்ந்தது. சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பருத்தித்துறை மினிபஸ் ஒன்றின் நடத்துநரைப் பற்றிய நாவலை வெளியிட்டிருந்தோம். அதே வழித்தடத்து நடத்துநர் ஒருவர், எழுத்தாளரின் அயலவர், “உறவுமுறைக்கு ஒண்டு தாங்கோ” என்று வந்தார். ஒன்றுக்குப் பதிலாகப் பத்துப் பிரதிகளைக் கொடுத்து, விற்றால் பங்கு உண்டு என்று எழுத்தாளர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை பஸ் நிரம்பி வழிகிறது. நடத்துநர் மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மிச்சக்காசுக்காக ஓர் ஆசிரியையோடு சண்டை மூளும் பக்கத்தை உரத்து வாசிக்கிறார். நெல்லியடியில் நடப்பதாக எழுதியிருந்தது. பின் இருக்கையிலிருந்து ஒருவர், “அது நெல்லியடியில்லைத் தம்பி, குஞ்சர்கடை. நான் அந்த பஸ்ஸிலை நிண்டனான்” என்கிறார். இன்னொருவர் அச்சுவேலி என்கிறார். கற்பனைச் சண்டைக்கு மூன்று ஊர்கள் உரிமை கோருகின்றன. மந்திகையில் இறங்கவேண்டிய ஆச்சி ஒருவர் தீர்ப்புக் கேட்கும் ஆவலில் பருத்தித்துறை வரை போய்விட்டு, திரும்பி வரக் காசு கேட்கிறார். அதற்குள் ஓர் ஆசிரியை எழுந்து, அந்தச் சண்டையில் ஆசிரியையின் பக்கமே நியாயம் என்று சொல்லி, நிறுவிப் பார்க்கவென்றே ஒரு பிரதி வாங்குகிறார். அதன்பின் கை நீண்டபடியே இருந்தது. அன்று மாலை நடத்துநர் கொண்டுவந்து தந்த தாள்கள், ரிக்கற் காசைப் போலவே நீளவாக்கில் மடிக்கப்பட்டு, விரலிடையில் இருந்த மடிப்பு மாறாமல் இருந்தன. உறைக்குள் வராத காசை நான் முதன்முதலில் கண்டது அன்றுதான். பஸ் உரிமையாளருக்குச் செய்தி எட்டியபின் இந்த விற்பனை நின்றுபோனது. பஸ் பிந்துகிறதாம், அதுவும் நியாயமே.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். ஆணையாளர் அவர்களே, மத்திய பேருந்து நிலையத்தை அண்டிய மாநகர சபைக் கடைகளுள் ஒன்றை உள்ளூர்ப் பதிப்பகங்களுக்குப் பொதுவாக ஒதுக்கித் தாருங்கள். வாடகையில்லாமல் கேட்கவில்லை, ஏனைய கடைகளுக்குரிய வாடகையை நாம் பங்கிட்டுக் கட்டுகிறோம். கேள்விமனுக் கோரினால் கைப்பேசிக் கடைக்காரரோடு நாம் போட்டியிட முடியாது என்பதால், அந்த ஒரு கடைக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கிறோம். புத்தகக் கடைகளை நான் எதிர்க்கவில்லை. அவர்கள் கழிவாக எடுக்கும் மூன்றிலொரு பங்கு அவர்களுக்கும் வேண்டியதே. ஆனால் புத்தகக் கடைக்குள் நுழைகிறவர் ஏற்கெனவே வாசகர். பேருந்துக்காகக் காத்திருக்கிறவரோ, கையில் எதுவும் இல்லாததால் வாசகராகக்கூடியவர்.

கடை காலை ஐந்தரைக்குத் திறந்து கடைசிப் பேருந்து போகும்வரை இருக்கும். அச்சிட்ட விலைதான் விலை, அன்பளிப்பும் இல்லை, உறையும் இல்லை. மட்டையில் கதை நடக்கும் வழித்தடம் பெரிய எழுத்தில் இருக்கும். நெல்லியடிக்குப் போகிறவர் நெல்லியடிக் கதையை வாங்கட்டும், குஞ்சர்கடைக்காரர் வாங்கிச் சண்டை பிடிக்கட்டும். கோரிக்கை மனுவைத் தலைவர் அவர்கள் இப்போது ஆணையாளரிடம் கையளிப்பார். மற்றொரு பிரதி வாசல் மேசையில் உள்ளது, கையொப்பமிட விரும்புவோர் தேநீருக்கு முன்னரே இட்டுவிடுங்கள். பேனை கட்டி வைத்திருக்கிறோம்.