புதிய வாகனத்தின் குறைபாடும் மூன்று மாதக் கெடுவும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் பாவனை வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பலர் கொழும்பின் காட்சியறைகளை நாடினர். விலையில் பெரும்பங்கு வரியாகவே போகும் இந்நாட்டில், பெருந்தொகை கொடுத்து வாங்கிய புதிய வாகனம் வீதியில் இறங்கிய சில வாரங்களிலேயே கியர் மாறும்போது உலுக்கினால், வாங்கியவருக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஒரே குறைபாட்டை நான்கு தடவை திருத்தியும் தீராவிட்டால், அல்லது வாகனம் 30 நாட்கள் திருத்துமிடத்திலேயே முடங்கிக் கிடந்தால், வேறு வாகனமோ பணமோ கேட்கும் நிலை அங்கு வாங்கியவருக்கு உண்டு. இலங்கையில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. சட்டி பானைக்கும் சொகுசுக் காருக்கும் பொதுவான இரண்டு சட்டங்களையே நாம் நம்பியிருக்கிறோம்.

முதலாவது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் அதில் அடங்கியிருப்பதாக அச்சட்டம் கொள்கிறது. ஆனால் அந்த நிபந்தனையை இரு தரப்பும் உடன்பட்டு விலக்கிக்கொள்ளவும் அதே சட்டம் இடமளிப்பதால், கொள்வனவுப் பத்திரத்தின் பின்பக்கத்துச் சிற்றெழுத்துகளை வாசிக்காமல் ஒப்பமிடுவது ஆபத்தானது.

இரண்டாவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவின்படி, பொருள் கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு ஏற்ப அமையவில்லை என்று விசாரணையில் தெரியவந்தால், நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

சிக்கலே இங்குதான். வாகனத்தை விற்கும் முகவர் கொடுக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கானது. அந்த நீளமே வாங்கியவரை ஆறுதல்படுத்திவிடுகிறது. “அடுத்த சேர்விஸில் பார்ப்போம்”, “கொம்பனியிடமிருந்து பாகம் வரவேண்டும்” என்று மரியாதையாகவே சொல்லப்படும் பதில்களுக்கிடையில் மூன்று மாதம் கடந்துவிடும். ஓட ஓடத்தான் குறை தெரியவரும் ஒரு பொருளுக்கு, விற்ற நாளிலிருந்து எண்ணப்படும் இந்தக் கெடு பொருந்தாது என்பதே என் கருத்து. வாகனங்களைப் பொறுத்தளவிலாவது, குறைபாடு தெரியவந்த நாளிலிருந்து காலத்தைக் கணிக்கும்படி பாராளுமன்றம் இதைத் திருத்த வேண்டும்.

அதுவரை, முதல் தடவை திருத்தியும் குறை திரும்பினால், முகவருக்குக் கடிதம் எழுதுங்கள். திருத்த வேலை நடந்துகொண்டிருந்தாலும், கெடு முடியுமுன் கொழும்பு வொக்ஸ்ஹோல் வீதியிலுள்ள அதிகாரசபைக்கு முறைப்பாட்டை அனுப்பிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது சேவை முகாமையாளரின் காதோடு போய்விடும். வாகனத்தை ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும், நீங்கள் சொன்ன குறையை உங்கள் சொற்களிலேயே ஜொப் கார்ட்டில், அதாவது திருத்துமிடத்தின் வேலைப் பதிவு அட்டையில், எழுதச் செய்து பிரதி வாங்குங்கள். பொறுமையிழந்து, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பின் பஞ்சிகாவத்தையில் ஒரு பாகத்தை வாங்கி வெளியே பொருத்துவது, உத்தரவாதத்தை மறுக்க முகவருக்கு நீங்களே கொடுக்கும் சாட்டாகிவிடும்.

கெடு தவறியவர்களுக்கு நீதிமன்றம் இன்னும் திறந்தே இருக்கிறது. எழுத்திலான ஒப்பந்தத்தை மீறியமைக்கு வழக்கிட, காலவிதிப்புச் சட்டம் 6 ஆண்டுகள் தருகிறது. ஆயினும் குறை உற்பத்தியிலேயே இருந்தது என்பதை நிரூபிக்கும் சுமை வழக்காளியுடையது. சுயாதீனப் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையில்லாமல் அங்கு போவது வீண்செலவு.

லீசிங்கில் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது நிதி நிறுவனம். வாகனம் ஓடாவிட்டாலும் தவணை கட்டியே ஆக வேண்டும் என்று அந்த ஒப்பந்தங்கள் வழக்கமாகச் சொல்வதால், கோபத்தில் தவணையை நிறுத்தினால் வாகனமே பறிபோகலாம். தவணையைக் கட்டிக்கொண்டே, முகவருக்கு எழுதும் கடிதத்தின் பிரதியை நிதி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்; தமிழும் அரச கரும மொழி. விலைப்பற்றுச்சீட்டு, உத்தரவாதப் புத்தகம், ஜொப் கார்ட் பிரதிகள் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டையும் அவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.