மாமா தோளிலிருந்து பார்த்த வெள்ளம்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது எனக்கு ஏழு வயது. கொக்கிரகுளத்தில், சுலோச்சன முதலியார் பாலத்துக்குப் பக்கத்தில் மாமா தோளில் உட்கார்ந்து பார்க்கிறேன். செக்கச்செவேலென்று தண்ணீர், அதில் கழுத்துக் கயிற்றோடு ஒரு பசு போகிறது. முப்பது வருஷமாக இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். 2023 டிசம்பரில் திரும்பவும் வெள்ளம் வந்து, கரண்ட் இல்லாத ராத்திரியில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்: "ஏல, நீ எங்க பாத்த? அன்னைக்கு நீ கோவில்பட்டியில ஆச்சி வீட்லலா இருந்த. மாமா வந்து சொன்னதுலா அது."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்லூரியில் நான் வருஷா வருஷம் நடத்துவது எலிசபெத் லாஃப்டஸின் ஆராய்ச்சியை. நினைவைப் பற்றி அமெரிக்காவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆராய்ந்து வருகிற உளவியல் அறிஞர் அவர். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். முதலில் சொற்களும் பொருள்களும் மனத்தில் எப்படி அடுக்கியிருக்கின்றன என்றுதான் பார்த்தார், அப்புறம் ஜனங்களுக்கு நேரடியாக உதவுகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்று விபத்துச் சாட்சிகள் பக்கம் திரும்பினார்.

1974இல் அவரும் ஜான் பாமரும் வெளியிட்ட ஆய்வு ரொம்ப எளிமையானது. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். எல்லாருக்கும் அதே படங்கள், கேள்வியில் ஒரு சொல் மட்டும் வேறு. 'கார்கள் நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்கு மேல், 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டால் 31.8. இன்னொரு தடவை 150 பேருக்கு ஒரு விபத்தைக் காட்டி, சிலரிடம் அதே மாதிரி சொல்லை மாற்றி வேகத்தைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து எல்லாரிடமும், உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆமாம், பார்த்தோம் என்றார்கள். வெறுமனே 'மோதியபோது' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பார்த்ததும் பிறகு காதில் விழுந்ததும் உள்ளே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

வண்ணாரப்பேட்டையில் ரெண்டு வண்டி மோதிக்கொண்டால் டீக்கடையில் நிற்கிறவரிடம் நாம் எப்படிக் கேட்கிறோம்? "அவன் கண்ணு மண்ணு தெரியாம வந்தாம்லா?" என்றுதானே. கேட்கும்போதே பதிலையும் கையில் கொடுத்துவிடுகிறோம்.

1995இல் வெளியான லாஃப்டஸின் இன்னொரு ஆய்வில், ஐந்து வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு நடக்காத கதையை 24 பேரிடம் சொல்லிப் பார்த்தார்கள். கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ கொஞ்சமாகவோ தங்கள் நினைவாக எடுத்துக்கொண்டார்கள். லாஃப்டஸ் நூற்றுக்கணக்கான வழக்குகளில் நிபுணராகச் சாட்சி சொன்னவர். குற்றவாளிகள் தப்பிக்க வழி செய்கிறார், பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதையே சந்தேகப்பட வைக்கிறார் என்று அவர் மேல் கடுமையான கோபம் உண்டு, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் சாட்சியின் ஒரு வார்த்தையில் ஒருவன் ஆயுள் முழுக்கச் சிறையில் கிடக்க நேரும் என்றால், அந்த வார்த்தை எப்படி உருவானது என்று யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

லாஃப்டஸுக்கு 14 வயதில் அவருடைய அம்மா நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்தார். 44 வயதில் ஓர் உறவினர், "உடலை முதலில் பார்த்தது நீதான்" என்றார். அதுவரை அப்படி ஒரு நினைவே இல்லாதவருக்கு அடுத்த சில நாளில் அந்தக் காட்சி படம் படமாக வரத் தொடங்கியது. அப்புறம் போன் வந்தது: தப்பாகச் சொல்லிவிட்டோம், பார்த்தது உன் அத்தை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

போன மாசம் அம்மாவிடம் மறுபடி கேட்டேன். தண்ணீர் எதுவரை வந்தது, திண்ணை மூழ்கிச்சா என்றெல்லாம் கேட்கவில்லை. "அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள். பக்கத்து வீட்டு அத்தையும் அவளுமாகத் தையல் மிஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்ததையும், அப்போது அவள் கை விரல் நசுங்கியதையும் சொல்லி, வலது ஆள்காட்டி விரலில் இருக்கிற தழும்பைக் காட்டினாள். அது அரிவாள்மனை வெட்டு என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன்.