பொலிகார்ப்பவின் விமானங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விமான எஞ்சின் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். சேர்ந்த புதிதில் ஒரு நாள், தரையில் ஓட்டிப் பார்த்த எஞ்சினில் எண்ணெய் கசிந்தது. மேற்பார்வையாளர் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "யாருடா இதைப் பூட்டினது?" பூட்டிய பையனுக்கு அன்றைக்குக் கிடைத்த வசவு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு பல மாதம் அந்தப் பட்டறையின் குறிப்பேட்டில் கசிவு என்ற வார்த்தையே வரவில்லை. கசிவு மட்டும் இருந்துகொண்டுதான் இருந்தது. பயலுகள் துணியால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பகால சோவியத் விமான விபத்துகளைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலியிலிருந்து கேட்டபோது எனக்கு அந்தக் குறிப்பேடுதான் ஞாபகம் வந்தது. விபத்துகள் நிறைய. எல்லாவற்றையும் சொல்ல நேரம் போதாது. அதனால் ஒரே ஒரு மனிதரின் விமானங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் நிக்கலாய் பொலிகார்ப்பவ். கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் மகன், 1892-இல் பிறந்தவர். 1920-களிலும் 30-களிலும் சோவியத் போர் விமானங்கள் என்றால் பெரும்பாலும் அவருடையவைதான்.

1923-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். உள்நாட்டுப் போர் முடிந்து நாடு சோர்ந்து கிடந்த நேரம். மாஸ்கோவின் கோடிங்கா மைதானத்தில் பொலிகார்ப்பவ் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு போர் விமானம் கட்டினார். உலகமே இரட்டை இறக்கை விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தபோது, கட்டுக்கம்பி எதுவும் இல்லாத ஒற்றை இறக்கை. துணிச்சலான வேலை. ஆகஸ்ட் 15 அன்று அதை முதன்முதலில் ஓட்டியவர் கான்ஸ்தாந்தின் அர்த்செயூலவ். கடலை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் பேரன் இவர். 1916-இல் வேண்டுமென்றே விமானத்தைச் சுழல விட்டு, அதாவது வேகம் இழந்து பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே விழ விட்டு, அதிலிருந்து மீள முடியும் என்று ரஷ்யாவில் முதலில் செய்து காட்டியவரும் இவரே. அப்படிப்பட்ட கைக்கே அன்று விமானம் அடங்கவில்லை. தரையை விட்டு எழுந்ததும் மூக்கைத் தூக்கியது. கைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளியும் மூக்கு இறங்கவில்லை. வேகம் செத்து, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. கை கால் முறிந்தாலும் அவர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த விமானத்தின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஊதிப் பார்த்தார்கள். விடை கிடைத்தது. எடையின் மையம் மிகவும் பின்னால் இருந்தது, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அளந்தால் அதன் அகலத்தின் பாதியையும் தாண்டி. அது மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்திருக்க வேண்டும். பின்பக்கம் பாரம் ஏற்றிய மாட்டு வண்டியில் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளுமே, அதே கதை. இருக்கையை முன்னுக்குத் தள்ளி, எஞ்சினை நகர்த்தி, இறக்கையை மாற்றி அடுத்ததைக் கட்டினார்கள். 1924-இல் அது ஒழுங்காகப் பறந்தது.

அதே வரிசை விமானம் ஒன்றில் 1927 ஜூன் 23 அன்று மிகாயில் குரோமவ் என்ற சோதனை விமானி ஏறினார். சோதனைக்காகச் சுழல விட்டார். விமானம் தட்டையாகச் சுற்ற ஆரம்பித்து, இருபது சுற்றுக்கு மேல் போயும் மீளவில்லை. குரோமவ் பாரசூட்டோடு குதித்தார். பாரசூட்டால் உயிர் பிழைத்த முதல் சோவியத் விமானி அவர். 1985 வரை வாழ்ந்தார்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1926 மார்ச் 31 அன்று, பொலிகார்ப்பவின் இரண்டு பேர் அமரும் போர் விமானம் வேக ஓட்டத்தின்போது நடுவானில் இறக்கையை இழந்தது. பிலிப்பவ் என்ற விமானியும் கூடப் பறந்த மிகாய்லவ் என்பவரும் இறந்தார்கள். சிதைவுகளை எடுத்துப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. இறக்கையின் மேல் போர்த்திய பிளைவுட் சரியாக ஒட்டப்படவில்லை, சில இடங்களில் பசையே பிடித்திருக்கவில்லை. இன்னொன்றும் இருந்தது. இறக்கைக்குள் அடைபட்ட காற்றும் வெளிக்காற்றும் சமமாவதற்குச் சின்னச் சின்ன துளைகள் போட வேண்டும். அவை இல்லை. வேகம் கூடக்கூட உள்ளிருந்த காற்று பிளைவுட்டை வெளியே தள்ள, ஒட்டாத இடத்தில் பிய்ந்துகொண்டு போயிற்று. பசை, துளை, இந்த இரண்டும்தான். கேட்க எவ்வளவு அற்பமாக இருக்கிறது! ஆனால் விமானத் தொழிலில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இந்த அளவில்தான் இருக்கும்.

சரி, இதுவரை சொன்னவை எந்த நாட்டிலும் அந்தக் காலத்தில் நடந்தவைதான். 1928-க்குப் பிறகு அங்கே காற்று மாறியது. ஷாக்தி என்ற நிலக்கரிப் பகுதியின் பொறியாளர்கள் மேல் நாசவேலை வழக்கு நடந்தது. பழைய ஆட்சியில் படித்த பொறியாளர் என்றாலே சந்தேகம். இயந்திரம் கெட்டால் யாரோ கெடுத்தார்கள் என்று பொருள். 1929 அக்டோபரில் பொலிகார்ப்பவைக் கைது செய்தார்கள். எதிர்ப்புரட்சி நாசவேலைக் குற்றச்சாட்டு. விசாரணையே இல்லாமல் மரண தண்டனை. கிரிகரோவிச் என்ற இன்னொரு பெரிய வடிவமைப்பாளரும் உள்ளே இருந்தார். தண்டனையை உடனே நிறைவேற்றவில்லை. அவர்களைச் சிறைக்குள்ளேயே உட்கார வைத்து, புதிய போர் விமானம் வரையச் சொன்னார்கள். காவலர் சூழ்ந்த கொட்டகையில் வேலை நடந்தது. விமானத்துக்கு வைத்த குறியீடு "வி.டி." ரஷ்ய மொழியில் உள்சிறை என்ற சொற்களின் முதலெழுத்துகள் அவை. 1930 ஏப்ரல் 29 அன்று அது பறந்தது. பின்னர் ஐ-5 என்று பெயர் பெற்றது.

அடுத்த ஆண்டு கோடையில் அந்த ஐ-5 விமானத்தை ஸ்டாலின் முன்னால் இரண்டு விமானிகள் ஓட்டிக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பொலிகார்ப்பவுக்கு விடுதலை. அந்த இருவரில் ஒருவர் வலேரி ச்கலோவ். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ-5 இன்னொரு முறையும் பேசப்பட்டது, மிகத் துயரமான காரணத்துக்காக. துப்பலேவ் வடிவமைத்த "மக்சீம் கோர்க்கி" அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய விமானங்களில் ஒன்று. எட்டு எஞ்சின், 63 மீட்டர் இறக்கை, உள்ளே அச்சகம், ஒலிபரப்பு நிலையம் எல்லாம் உண்டு. கிராமம் கிராமமாகப் போய்ப் பிரச்சாரம் செய்யக் கட்டியது. 1935 மே 18, மாஸ்கோ. அதைக் கட்டிய தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. குழந்தைகளும் இருந்தார்கள். பக்கத்தில் நிக்கலாய் பிளாகின் ஓட்டிய ஐ-5. பத்து மீட்டர் சொச்சம் இறக்கை கொண்ட சின்ன விமானம் கூடவே பறந்தால்தானே பெரியதன் பருமன் கண்ணுக்குத் தெரியும்? இன்னொரு விமானத்திலிருந்து இதைப் படமும் பிடித்தார்கள். பிளாகின் பெரிய விமானத்தைச் சுற்றிக் கரணம் அடிக்கப் போய், அதன் இறக்கை மேலேயே மோதினார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சோகோல் குடியிருப்பில் சிதைவுகள் விழுந்தன.

தடையை மீறிச் சாகசம் செய்தார் பிளாகின் என்று அரசு அறிவித்தது. அவர் கரணம் அடித்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பராமரிப்பாளனாக எனக்குத் தோன்றுவது வேறு. பயணிகள் நிறைந்த விமானத்தின் இறக்கை நுனியில் போர் விமானத்தைப் பறக்கவிடத் திட்டமிட்டது யார்? அதைப் படம் பிடிக்க ஏற்பாடு செய்தது எதற்கு? பருமனைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் அந்த விபத்து தொடங்கியது. செத்துப்போன விமானியிடம் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. "மக்சீம் கோர்க்கி"க்குப் பதிலாக ஆறு எஞ்சினோடு இன்னொன்று கட்டினார்கள். 1942 டிசம்பரில் அது தாஷ்கந்த் அருகே விழுந்து 36 பேர் போனார்கள்.

இப்போது ச்கலோவுக்கு வருவோம். 1928-இல் தாழப் பறந்து தொலைபேசிக் கம்பியில் மோதியதற்காகச் சிறைக்குப் போனவர். 1937-இல் இரண்டு தோழர்களோடு வட துருவத்தின் மேல் பறந்து, மாஸ்கோவிலிருந்து அமெரிக்காவின் வான்கூவரில் போய் இறங்கியவர். என் சிறுவயதில், மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களில் அவருடைய சிரித்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். வீரர் என்று எழுதியிருந்தார்கள். எதனால் இறந்தார் என்று நான் படித்தவற்றில் எழுதியிருக்கவில்லை.

அவர் வெறும் துணிச்சல்காரர் என்று நினைக்க வேண்டாம். பொலிகார்ப்பவின் ஐ-16 விமானத்தை 1933 கடைசியில் முதலில் ஓட்டியவர் அவர். அது குட்டையான உடம்பு கொண்ட விமானம். சுழன்றால் மீளுமா என்று எல்லாருக்கும் பயம். ச்கலோவ் அதை 75 முறை சுழல விட்டு, மீளும் என்று காட்டினார். பொறுமையான வேலை அது.

1938 டிசம்பர். பொலிகார்ப்பவின் புதிய ஐ-180 தயாராகிறது. ஆண்டு முடிவதற்குள் பறக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. குறைகளின் பட்டியல் தீரவில்லை. 15-ஆம் தேதி, கோடிங்கா மைதானத்தில் மைனஸ் 25 டிகிரி குளிர். அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. அப்படிப்பட்ட எஞ்சினின் மூடியில் திறந்து மூடும் மடல்கள் இருக்க வேண்டும். கோடையில் திறப்போம், குளிரில் மூடுவோம். அன்று அந்த விமானத்தில் அவை இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இறங்க வரும்போது விமானி எஞ்சினின் விசையைக் குறைப்பார். எரிவது குறைந்ததும் சூடும் குறையும், ஆனால் பனிக்காற்று மட்டும் அதே வேகத்தில் சிலிண்டர்கள் மேல் அடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் விறைத்துப்போகும். பெட்ரோல் ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். பனிக்கால விடியலில் பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியவர்களுக்குத் தெரியும், திருகத் திருக இருமிவிட்டு அணைந்துபோகும். சாலையில் என்றால் மறுபடி உதைக்கலாம். ச்கலோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இறங்கும் பாதையில் எஞ்சின் நின்றது. மைதானத்துக்கு முன்னாலேயே விமானம் விழுந்து மோதியது, அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். போட்கின் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 34.

காரணத்தை விசாரணைக் குழு சொல்லிவிட்டது. எஞ்சின் குளிர்ந்து நின்றது. மடல் பொருத்தினால் போதும், அவசரப்படாமல் இருந்தால் போதும். ஆனால் நாட்டின் செல்லப் பிள்ளை போய்விட்டானே, யாராவது பொறுப்பாக வேண்டும்! ஐ-180 வேலையை நடத்திய தமஷேவிச், ஆலையின் இயக்குநர் உசாச்சவ், மேலிடத்து அதிகாரி பெல்யாய்கின், எல்லோரும் கைதானார்கள். பொலிகார்ப்பவை இந்த முறை தொடவில்லை. ஆனால் அவர் பெயர் இறங்கிப்போயிற்று. தமஷேவிச்சைச் சிறைக்குள் ஒரு மேசையில் உட்கார வைத்து இன்னொரு போர் விமானம் வரையச் சொன்னார்கள். ஒன்பது வருடம் முன்பு அவருடைய தலைவர் செய்த அதே வேலை.

ஐ-180 நிற்கவில்லை. 1939 செப்டம்பர் 5 அன்று அதன் இரண்டாவது விமானம் விழுந்து, சுசி என்ற விமானி இறந்தார். அதே ஆண்டு மே மாதம், ஐ-16 வகையின் பயிற்சி விமானம் ஒன்று ரியசான் பகுதியில் விழுந்து, விமானிகள் பலினா ஒசிப்பென்கோவும் அனத்தோலி செரவும் இறந்தார்கள். எதிரே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி. ஒசிப்பென்கோ முந்தைய ஆண்டுதான் இரண்டு பெண்களோடு மாஸ்கோவிலிருந்து தூரக் கிழக்கு வரை பறந்து புகழ் பெற்றிருந்தார்.

1941 ஏப்ரலில் மேலிடத்திலிருந்து ஒரு தீர்மானம் வந்தது. விபத்துகளில் விமானப் படை தினமும் சராசரியாக இரண்டு மூன்று விமானங்களை இழக்கிறது, வருடத்துக்கு 600 முதல் 900 வரை என்று அதில் எழுதியிருந்தது. முழுதாக முடியாத முதல் காலாண்டில் மட்டும் 141 பேர் இறந்திருந்தார்கள். காரணம் என்று எழுதியது, ஒழுக்கக் குறைவு. பழி விமானப் படைத் தலைவர் பாவெல் ரிச்சகவ் மேல். முப்பது வயது, ஸ்பெயினில் போரிட்டவர். ஸ்டாலின் இருந்த கூட்டத்திலேயே அவர், எங்களைச் சவப்பெட்டிகளில் பறக்க விடுகிறீர்கள், விபத்து அதனால்தான் இருக்கிறது என்று வெடித்ததாக அட்மிரல் இசாகவ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். "நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டாலின் கூட்டத்தை முடித்தாராம்.

பதவி போனது. ஜூனில் ஜெர்மனியோடு போர் தொடங்கிய மூன்றாம் நாள் கைது. அக்டோபர் 28 அன்று, ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், விமானம் ஓட்டத் தெரிந்த ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட அந்த நேரத்தில், ரிச்சகவைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவி மரியா நெஸ்தெரென்கோவும் விமானிதான். அவரையும் அன்றே சுட்டார்கள்.

நன்றி, வணக்கம்.