எடின்பரோவில் மழைக்கு ஒதுங்க ஓரிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுவைத் தொட்டறியாத ஒருவன் பப்பின் அழகைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் நான் வாழ்ந்த இரண்டு குளிர்காலங்களிலும் வாங்கிக் குடித்தது எலுமிச்சை கலந்த சோடா மட்டுமே. ஆயினும், அந்நகரத்தை நினைக்கும்போதெல்லாம் மலைமேல் நிற்கும் கோட்டைக்கு முன்பாகப் பழைய பப்புகளே நினைவுக்கு வருகின்றன.

நவம்பர் பிறந்துவிட்டால் அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். காற்றோடு சாய்ந்து வரும் மழையோ குடைக்கு அடங்காது. அப்படியொரு மாலையில்தான், பிரின்சஸ் வீதிக்குப் பின்புறம் ஓடும் ரோஸ் வீதியில், 1902இல் கட்டப்பட்ட அபட்ஸ்ஃபோர்ட் என்னும் பப்புக்குள் முதன்முதலாக ஒதுங்கினேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தால், கூடத்தின் நடுவே மரத்தால் ஆன தீவொன்று நின்றது. சுற்றிலும் கவுண்டர், உள்ளே ‘கான்ட்ரி’ என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும், புட்டிகளைத் தாங்கிய உயரமான மர அடுக்கு, தலைக்கு மேலே பூவேலை செய்த சுதைக் கூரை.

இந்தத் தீவுக் கவுண்டர் பிறந்த கதை சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து நகரங்களில் மதுக்கடைக்கு உரிமம் வழங்கிய நீதிபதிகள், கூடத்தைச் சிற்றறைகளாகப் பிரிக்கும் தடுப்புகளுக்குப் பின்னே என்னென்ன நடக்குமோ என்று சந்தேகப்பட்டு, குடிப்பவர் அனைவரும் ஊழியரின் கண்ணில் படும்படியான திறந்த கூடங்களையே விரும்பினார்கள். நடுவில் நிற்பவர் நாற்புறமும் பார்க்கலாம் என்பதால் தீவுக் கவுண்டர் அதற்கு வாகாக அமைந்தது. ஆனால் கண்காணிக்கப் போட்ட கவுண்டர், அதைச் சுற்றி நிற்பவர்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வைத்துவிட்டது. பார்த்துவிட்டால் தலையையாவது அசைக்க வேண்டும். அசைத்துவிட்டால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தையாவது பேச வேண்டும். கிளாஸ்கோவின் ஹார்ஸ்ஷூ பாரில் குதிரை லாடம் போல வளையும் கவுண்டரின் நீளம் நூறடிக்கும் மேல் என்றால், அங்கே எத்தனை தலையசைப்புகள் நடக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்!

தடுப்பறைகள் அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. கிங்ஸ் தியேட்டருக்கு அருகிலுள்ள பென்னட்ஸ் பாரில், வாசலை ஒட்டி, சிலர் மட்டும் நெருங்கி உட்காரத்தக்க ‘ஸ்னக்’ என்னும் சிற்றறை இன்றும் இருக்கிறது. பெண்கள் பொதுக்கூடத்தில் குடிப்பது தகாது என்று கருதப்பட்ட காலத்தில் இத்தகைய அறைகள்தான் அவர்களுக்குப் புகலிடம். கவுண்டரிலிருந்து கோப்பையை நீட்டுவதற்கென்று சுவரில் ஒரு சிறு திறப்பு உண்டு. என்னைக் கேட்டால், அந்நகரிலேயே அழகான சன்னல் அதுதான்.

அபட்ஸ்ஃபோர்டில் அன்று என் பக்கத்தில் நின்ற பெரியவர் ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ கேட்டார். சிறு கோப்பையில் விஸ்கியும், துணைக்கு அரை பைன்ட், அதாவது கால் லிட்டருக்குச் சற்று அதிகமான பீரும் வந்தன. பீரை அங்கே ஷில்லிங் கணக்கில் எழுபது, எண்பது என்று கேட்கும் பழக்கமும் உண்டு. ஒரு காலத்தில் பீப்பாயின் விலையைக் குறித்த எண் அது. வீரியம் ஏற ஏற எண்ணும் ஏறும். ஷில்லிங் நாணயம் வழக்கொழிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பீரை, கவுண்டர் மேல் தூண்போல் நிற்கும் உயரமான குழாயிலிருந்து, காற்றழுத்தத்தின் உதவியால் ஊற்றுகிறார்கள்.

வரிசையில் யாரும் நிற்பதில்லை, ஆனால் யாருக்குப் பிறகு யார் என்பதை ஊழியர் மனத்தில் வைத்திருக்கிறார். என் சோடாவை அவர் ஒரு பைன்ட் கண்ணாடிக் குவளையில், மற்றவர்களுக்குத் தருகிற அதே கவனத்தோடு, விளிம்பு வரை நிரப்பி என்முன் வைத்தார். சோடாதானா என்று பெரியவர் கேட்கவும் இல்லை.

அரை மணி கழித்து, மழை விட்டிருக்குமா என்று அவரிடம் கேட்டேன். தெருவில் போகிறவர் உள்ளே எட்டிப் பார்க்காதிருக்க, பழைய பப்புகளில் சன்னலுக்கு மங்கலான கண்ணாடி போடும் வழக்கம் உண்டு. அதன் வழியே வெளியேயும் ஒன்றும் தெரியாது. அவர் அந்தச் சன்னலையே சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இன்னும் விடவில்லை” என்றார். நான் இன்னொரு சோடா சொன்னேன்.