ஆமா என்றும் ஓம் என்றும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாளையங்கோட்டைப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஊர்க்கலை வழியே நாடுகளுக்கு இடையே புரிதலை வளர்க்கும் தன்னார்வலர்களுக்குப் பாராட்டு விழா தேவையா, தேவையில்லையா?" இதுதான் இன்றைய தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளைப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது, அப்புறம் மாலை எதற்கு? மாலை விழுந்த கழுத்து தொண்டு செய்யுமா? பாட்டும் படமும் எந்தப் போரை நிறுத்தின? அவருக்குப் பின் பேசிய வில்லிசைக் கலைஞர் அம்மா, மாலை அடுப்பில் உலை வைக்காது, முதலில் காசைக் கொடுங்கள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரை மேடையில் சொல்ல வீட்டாரிடம் இன்னும் கேட்கவில்லை, அதனால் சார் என்றே சொல்கிறேன். அவர் வில்லுப்பாட்டுப் பரம்பரை இல்லை. சின்ன வயதில் கோடைக்குக் கோடை, கொடைவிழாவுக்குக் கொடைவிழா, வில்லடிக்கிற மேடைக்குப் பக்கத்திலேயே விடிய விடிய உட்கார்ந்து கேட்டுப் படித்துக்கொண்டவர். ஓய்வுப் பணத்தில் பனை வைரத்தில் ஒரு வில் செய்தார். காருகுறிச்சியில் சொல்லி வைத்துக் குடம் வாங்கினார். உடுக்கையும் ஜால்ராவும் கடன். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. எங்கள் ஊர் ஓரத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போனார்.

1983 கலவரத்துக்குப் பின்னாலும், 1990-லும் கடல் தாண்டி வந்தவர்களுக்கு நம் நெல்லைச் சீமையிலும் முகாம்கள் உண்டு. 2021-ல்தான் தமிழக அரசு அவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அதுவரை அகதி முகாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த முதல் சொல்லையே பட்டப்பெயராக வைத்துக் கூப்பிட்டார்கள். முகாம் பிள்ளை "கதைப்போமா" என்று கேட்டால் சிரிப்பு. "வடிவாயிருக்கு" என்றால் சிரிப்பு. "தேத்தண்ணி" என்றால் வகுப்பே சிரிக்கும். இரண்டு பக்கமும் தமிழ்தான், இதில் என்ன நாடுகளுக்கு இடையேயான புரிதல் என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நடுவர் அவர்களே, ஒரே மொழி பேசுகிறோம் என்பதாலேயே ஒருவரை ஒருவர் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இங்கிருந்து அம்பாசமுத்திரம் போகிற தூரம்கூட இல்லை. அந்தக் கடலை அவர்கள் எப்படித் தாண்டினார்கள் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

சார் என்ன செய்தார் என்றால், ஐந்து முகாம் பிள்ளைகளையும் ஐந்து ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே வில்லுக்கு இரண்டு பக்கமாக உட்கார வைத்தார். முகாமில் ஓர் ஆச்சி தான் படகில் வந்த இரவைச் சொன்னதை அப்படியே கதையாக எழுதினார். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த "ஆமா" இல்லாவிட்டால் கதை நகராது. சார் அங்கேதான் கை வைத்தார். இந்தப் பக்கப் பிள்ளைகள் "ஆமா" என்பார்கள். அந்தப் பக்கப் பிள்ளைகள் தங்கள் ஊர் வழக்கப்படி "ஓம்" என்பார்கள், நம் ஆமாவுக்கு அங்கே அதுதான் சொல். ஒரு வரிக்கு ஆமா, அடுத்த வரிக்கு ஓம். வில்லின் நாணில் வீசுகோல் விழ விழ, மணி குலுங்கக் குலுங்க, அந்த இரண்டு சொல்லும் மாறி மாறி வந்ததைக் கேட்டவர்களுக்கு அது என்னவென்று தெரியும். பாதிக் கதையில் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் "ஓம்" போட ஆரம்பித்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கத்து வீட்டு அக்கா, முகாம் பக்கம் போகாதே என்று மகனைத் தடுத்து வைத்திருந்தவர். நிகழ்ச்சி முடிந்ததும் நேராக அந்த ஆச்சியிடம் போனார். "நீங்க வந்த படகுல எத்தனை பேரு ஆச்சி இருந்தீங்க?" என்று கேட்டார். பத்து வருடமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இதற்குச் சார் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. ஒரு துண்டு யாரும் போர்த்தவில்லை. அவரும் கேட்கவில்லை. எதிரணி சொல்கிற உத்தமமான தொண்டு அதுதான். வலது கை செய்ததை இடது கை அறியவே இல்லை. சரி, முடிவு என்ன ஆனது? அவர் காலமாகி நான்கு மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். கதைகள், பாட்டுகள், எந்த இடத்தில் எந்தப் பிள்ளை பேச வேண்டும் என்கிற குறிப்புகள், முகாம்காரர்கள் சொன்ன சொற்களின் பட்டியல், எல்லாம் பதினான்கு நீள நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் குடும்பத்தை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். அந்த நோட்டுகளின் மதிப்பை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. ஊர் கூடி ஒரு நாள் அவரை மேடையில் உட்கார வைத்திருந்தால், மகனும் மருமகளும் முதல் வரிசையில் இருந்து பார்த்திருந்தால், அந்த நோட்டுகள் இன்று பீரோவில் இருந்திருக்கும்.

தொண்டு செய்பவர் புகழை விரும்பக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். பெற்றுக்கொண்டவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தப் பெரியவர் சொன்னார்? மழை கைம்மாறு கேட்கிறதா என்று தலைவர் கேட்டார். மழை கேட்காது. ஆனாலும் தை மாதம் புதுப்பானையில் பொங்கி வைத்து வணங்குகிறோம் அல்லவா? மழைக்கு அது தேவை என்பதற்காக நாம் பொங்கவில்லை. எதனால் வாழ்கிறோம் என்பதை வீட்டுப் பிள்ளைக்குக் காட்டப் பொங்குகிறோம்.

பெயர் மறைந்து போவது நம் மண்ணில் புதிது இல்லை. இடையன்குடிக்கு 1841-ல் பாதிரியார் கால்டுவெல் வந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அங்கே இருந்தார். 1856-ல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நம் மொழிக் குடும்பம் உலகறிஞர்கள் கண்ணில் பட்டது. அவருக்குச் சிலை உண்டு, இருக்க வேண்டியதுதான். அந்தச் செம்மணல் தேரிக்காட்டில் அவர் காதைத் தமிழுக்குப் பழக்கிய பனையேறிகளின் பெயர் எங்கே? அவருடைய மனைவி எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். சீமை வேலைப்பாடு நம் பெண்களின் விரலுக்கு வந்தது, அவர்கள் பின்னியது கடல் கடந்து போனது. எலைசா பெயர் நமக்குத் தெரியும். விரல் நோகப் பின்னிய பெண்களில் ஒரு பத்துப் பேரை இந்தச் சபையில் யாராவது சொல்ல முடியுமா?

இப்போது போரை நிறுத்தினீர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு பாட்டு ஓர் ஏவுகணையை வழியில் நிறுத்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஹிரோஷிமாவைப் பாருங்கள். 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது அந்த ஊர்ச் சிறுமி சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. 1955-ல், பன்னிரண்டாம் வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். மருத்துவமனைப் படுக்கையில் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டே இருந்தவள். அவளோடு படித்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராக நிதி திரட்டினார்கள். 1958-ல் அங்கே குழந்தைகள் நினைவுச்சின்னம் எழுந்தது. இன்றைக்கும் உலகம் முழுவதிலும் இருந்து ஆண்டுக்குச் சுமார் 10 டன் எடைக்குக் காகிதக் கொக்குகள் அந்த நகரத்துக்கு வருகின்றன. ஒரு கொக்கின் எடை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள். என் மகள் ஆறாம் வகுப்பில், குண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 6 அன்று ஒரு கொக்கு மடித்துக் கொண்டு வந்தாள். மடிக்கச் சொல்லிக்கொடுத்தது ஒரு தன்னார்வலர் அக்கா. பஸ் காசு அவரே போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறவர். அன்று இரவு என் மகள் என்னிடம், "அந்தப் பிள்ளைக்கு என் வயசுதானேப்பா?" என்றாள். தூத்துக்குடியைத் தாண்டிப் போகாத பிள்ளை அவள். ஜப்பான்காரி ஒருத்தியைத் தன் வகுப்புத் தோழியாக நினைத்துவிட்டாள். பெரியவளானபின் ஒரு நாட்டையே அழிக்க வேண்டும் என்று யாராவது அவளிடம் பேசினால், அவள் முதலில் அந்தத் தோழியை நினைப்பாள். அந்த அக்கா செய்த வேலை அது.

வில்லிசை அம்மாவின் வாதம் எனக்கு வலித்தது, ஏனென்றால் அது உண்மை. கலையையே நம்பி வாழும் குடும்பங்களுக்குச் சம்பளம்தான் முதல் மரியாதை. அதைக் கொடுக்காமல் தொண்டு, சேவை என்று கூப்பிட்டு இலவசமாகப் பாட வைப்பவர்களை அம்மாவோடு சேர்ந்து நானும் எதிர்க்கிறேன். ஆனால் அம்மா, நம் கொடைவிழாவில் வில்லடிக்கும் குழுவுக்குப் பேசின சம்பளமும் உண்டு, வேட்டி துண்டும் உண்டு. சம்பளம் கொடுத்தாயிற்று என்று யாரும் துண்டை நிறுத்துவதில்லை. தன்னார்வலர் சம்பளம் கேட்காதவர். அவருக்குத் துண்டும் இல்லை என்றால் என்னதான் கொடுப்பது?

மரியாதை தப்பான கழுத்தில் விழுகிறது என்று தலைவர் கவலைப்பட்டார். அந்தக் கவலை எனக்கும் உண்டு, அவரைவிட அதிகமாகவே. நம் சீமையில் முதல் மரியாதை என்ற சொல்லுக்காக வெட்டும் குத்தும் நடந்திருக்கிறது. பரிவட்டம் யார் தலைக்கு என்பதை எத்தனை ஊரில் பிறப்பை வைத்து முடிவு செய்தோம்! அதற்கு மருந்து மரியாதையையே ஒழிப்பதா? பிறப்புக்குப் போன பரிவட்டத்தை உழைப்புக்கு மாற்றிக் கட்டுவதா? இரண்டாவதைத்தான் நான் கேட்கிறேன். அகதிப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து வில்லடித்தவர் தலையில் ஊர் கூடிப் பரிவட்டம் கட்டுகிற நாளை யோசித்துப் பாருங்கள்.

காலமும் முக்கியம். நம் சத்திரம்புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா வில்லுப்பாட்டைக் கோயில் மேடையிலிருந்து காந்தி கதை வரைக்கும் கொண்டு வந்தவர். அவருக்குப் பத்மஸ்ரீ 2021-ல் வந்தது. தொண்ணூறைத் தாண்டிய பிறகு. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவ்வளவு பெரிய கலைஞருக்கே அவ்வளவு காத்திருப்பு என்றால், முகாம் வாசலில் குடம் தட்டுகிறவருக்கு எப்போது வரும்? 1985-லேயே ஐ.நா. சபை டிசம்பர் 5-ஐத் தன்னார்வலர் நாள் என்று அறிவித்துவிட்டது, அது போதும் என்றார்கள் எதிரணியில். நாள் உலகத்துக்குப் பொது. ஆளைத் தெரிந்தது நம் ஊருக்குத்தான். ஊர்தான் கூப்பிட வேண்டும்.

எப்படிப்பட்ட விழா என்று கேட்டால், எனக்குப் பளபளக்கும் கேடயம் வேண்டாம். அவர் செய்த நிகழ்ச்சியையே மேடையில் மறுபடியும் செய்யுங்கள், அவர் கண் முன்னால். பார்த்துப் பதிவு செய்யுங்கள், நோட்டுகளைப் படி எடுத்து நூலகத்தில் வையுங்கள். அவருடைய பஸ் காசையும் அடுத்த வில்லுக்கான செலவையும் ஊர் ஏற்றுக்கொள்ளட்டும். வில்லுப்பாட்டில் கதைக்கு முன் சாமியை, குருவை, சபையை வணங்குகிறோம். அந்த வணக்கத்தில் அவர் பெயர் ஒரு வரி சேரட்டும். பாடுகிறவர்கள் இருக்கும் வரை அந்த வரியை எடைக்குப் போட முடியாது.

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. இன்னும் ஒரு நிமிடம். அந்த வில்லில் முதன்முதலாக "ஓம்" போட்ட பிள்ளை இப்போது செவிலியர். இன்று மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாள். சாருடைய வீசுகோல் அவளிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, நினைவில் இருக்கும் கதைகளை மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை இரண்டு நோட்டு ஆகியிருக்கிறது. மேடையில் எனக்குப் போர்த்துவதற்காக வைத்திருக்கும் அந்தத் துண்டை அவளுக்குப் போர்த்துங்கள். விழா தேவை என்று தீர்ப்புச் சொல்லுங்கள். இந்தப் பக்கமிருந்து நாங்கள் "ஆமா" என்போம், அந்த மூன்றாவது வரிசையிலிருந்து "ஓம்" என்று ஒரு குரல் வரும். நன்றி, வணக்கம்.