பழையதை எறியாத ஊர்

நண்பர்களே, ஸ்பெயினுக்குப் போகிறவர்களில் பலர் கோர்தோபாவுக்கு அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். செவில்லேயிலிருந்து விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம். பெரிய மசூதி, குவாதல்கிவிர் ஆற்றின் ரோமானியப் பாலம், நாலு புகைப்படம், அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு இரவாவது தங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மசூதிக்குள் தூண்களை உற்றுப் பாருங்கள். நிறம் ஒன்றுபோல் இல்லை, தலைப்பகுதியின் செதுக்கல் ஒன்றுபோல் இல்லை. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்போது இங்கே ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கியபோது, பழைய ரோமானியக் கட்டடங்களின், ரோமானியர்களுக்குப் பிறகு ஆண்ட விசிகோத்துகளின் கட்டடங்களின் தூண்களையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவையோ குட்டை. கூரையை உயர்த்த வேண்டுமே! வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றினார்கள். சிவந்த செங்கல்லும் வெளிர்கல்லும் மாறி மாறி. இன்று உலகமே அண்ணாந்து பார்க்கும் அழகு, இருந்ததை வைத்துச் சமாளித்ததில் பிறந்தது.

1236-இல் ஊர் கிறித்தவ அரசின் வசமானது, மசூதி தேவாலயமானது. 1523-இல் அதன் நடுப்பகுதியை இடித்துப் பேராலயம் எழுப்ப முனைந்தபோது எதிர்த்து நின்றது நகரசபை. இடிக்கும் வேலைக்குப் போகிறவனுக்கு மரண தண்டனை என்றே அறிவித்தது! மன்னர் ஐந்தாம் சார்லஸ் திருச்சபையின் பக்கம் சாய்ந்தார். எழுந்த பேராலயமும் கம்பீரமானதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் வாக்கு நகரசபைக்கே.

மே மாதம் போனால் முற்றத் திருவிழா. எந்த வீட்டு முற்றம் அழகு என்ற போட்டியாக 1921-இல் தொடங்கியது. 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோடையைச் சமாளிக்க நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய வீடுகள். சுவரெங்கும் ஜெரேனியப் பூச்செடித் தொட்டிகள். எட்டாத உயரத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற, நீண்ட கழியின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் குடியிருக்கும் வீடுகள் என்பதை மறந்துவிடாதீர்கள். வார இறுதியில் நெரிசல் தாங்காது; வார நாளில் போங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சல்மொரேஹோ என்பது பழைய ரொட்டி, தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து மையாய் அரைத்துக் குளிரக் குளிரப் பரிமாறும் கெட்டியான சூப். மேலே அவித்த முட்டையோடு பன்றி இறைச்சித் துணுக்குகளையும் தூவுவார்கள். சைவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வறுத்த கத்தரிக்காய் மீது கரும்புப் பாகு ஊற்றியும் தருவார்கள். கத்தரிக்காய்க்கு இனிப்பா என்று முகம் சுளிக்காமல் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: இரவுச் சாப்பாடு அங்கே ஒன்பது மணிக்குத்தான் சூடு பிடிக்கும். ஏழு மணிக்கே பசிக்கிறவர்கள் பையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள்.