நகத்தால் கிள்ள வேண்டியது

மாண்புமிகு மேயர் அவர்களே, ஆணையர் அவர்களே, நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் பெருமக்களே, இடம் கொடுத்து உதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, கடைசி வரிசையில் நிற்கும் பெயிண்டர் தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பாலத்தைப் பற்றிப் பேச ஆணையரே நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்று ஒரே செய்தி: பாலத்தைப் பராமரிப்பது.

கொல்கத்தா ஹவுரா பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-இல் திறந்தது. 26,500 டன் எஃகு. நட்டு, போல்ட்டு கிடையாது, அத்தனையும் ரிவெட், அதாவது தலையை அடித்து இறுக்கிய ஆணி. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் 457 மீட்டர் தாண்டி நிற்கிறது. உலகப் போரின் நடுவே எழுந்த அந்தப் பாலத்தை அரித்தது எது தெரியுமா? வெற்றிலை எச்சில்! மேலிருந்து தளத்தைத் தூக்கிப் பிடிக்கும் கம்பங்களின் அடியில், தண்ணீர் இறங்காதிருக்கத் தகட்டு உறை போட்டிருந்தார்கள். போகிறவர், வருகிறவர் எல்லாம் பாக்கும் சுண்ணாம்புமாக மென்று அங்கேயே துப்பினார்கள். சிவப்பாகக் காயும், அதன்மேல் இன்னொருவர் துப்புவார். 6 மி.மீ. தகடு சில ஆண்டுகளிலேயே 3 மி.மீ.க்கும் கீழே போய்விட்டது. கடைசியில் கண்ணாடியிழை உறை மாட்டினார்கள். தினம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால்? நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாரியால் வெட்டுவானேன்?

பெயிண்ட் அடித்தால் போதாதா என்பார்கள். போதாது. கடற்காற்றில் வந்து படிந்த உப்பை முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவாமல் மணல்வீச்சு செய்தால், அதாவது துருவைப் பெயர்க்க மணலை வேகமாகப் பீய்ச்சினால், உப்பு குழிக்குள் ஒளிந்துகொள்ளும். மேலே பூசிய பெயிண்ட் கொப்பளிக்கும். தகடு வெளிர்ச் சாம்பலாகத் தெரியும்வரை வீச்சு, அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் எபாக்சி பெயிண்ட், வெயிலைத் தாங்க மேலே பாலியூரித்தேன் பெயிண்ட். ரிவெட் தலையிலும் விளிம்பிலும் பெயிண்ட் மெலிந்துவிடும், அங்கே பிரஷ்ஷால் கூடுதலாக ஒரு கை போடுங்கள். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டால் அன்று டப்பாவையே திறக்காதீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு மழைநீர்க் குழாயில் மண் அடைத்துக் கிடந்தால் என்ன பயன்? தேங்கிய தண்ணீர் விரிவு இணைப்பின், அதாவது வெயிலில் தளம் நீள விட்ட இடைவெளியின், ரப்பர் கிழிசல் வழியாக இறங்கி, தூணின் மேல் தளத்தைத் தாங்கும் பேரிங்கின் மேல் சொட்டுகிறது. தூணின் தலையில் கான்கிரீட் உப்பி விழுந்து கம்பி தெரிகிற பாலங்களில் நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலும் நேர் மேலே அப்படி ஒரு இணைப்பு இருக்கும். நகத்தால் கிள்ள வேண்டியது அந்த மண்ணைத்தான் ஐயா!

கான்கிரீட்டை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம். இன்று ஆணையரிடம் ஒரே வேண்டுகோள். நகரத்துப் பாலங்களுக்கென்று நிரந்தரமாக ஒரு குழு வேண்டும்: நான்கு பேர், மண்வெட்டி, குழாய்க்குள் விடும் நீளக் கம்பி, தண்ணீர் லாரி, பாலத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஒப்பந்தத்தில் வேண்டாம், மாதச் சம்பளத்தில் வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு குழாயையும் குத்தித் திறந்து, தண்ணீர் ஊற்றி, கீழே விழுகிறதா என்று பார்த்து எழுதட்டும். முதல் சுற்று புரட்டாசி முடிவதற்குள் நடக்க வேண்டும். மனு மேசையில் இருக்கிறது ஐயா.

வணக்கம்.